வீட்டில் பாடம் சொல்லித்தர ஆசிரியர் கையேடு வேண்டுமா? – ஒரு பழைய கேள்வியின் வரலாறு

1985ஆம் வருடம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தம்பதிக்கு நீதிமன்றம் 200 டாலர் அபராதமும் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. அவர்கள் செய்த குற்றம், தங்கள் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்ததுதான். பிள்ளைகள் சரியாகப் படிக்கவில்லை என்று அரசுத் தரப்பு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பாடம் சொல்லித்தரும் பெற்றோரிடம் அரசாங்கத்தின் ஆசிரியர் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். டிஜாங் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்ட இந்த வழக்கு எட்டு வருடம் இழுத்தது. 1993 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத நம்பிக்கையின் பேரில் வீட்டில் கற்பிக்கும் பெற்றோரிடம் சான்றிதழ் கேட்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

சான்றிதழ் பிரச்சினை அதோடு முடிந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வி முடியவில்லை. ஆசிரியர் பயிற்சி இல்லாத ஒருவர் கணக்கு, இலக்கணம், அறிவியல், வரலாறு என்று எல்லாவற்றையும் ஒரே சாப்பாட்டு மேசையில் எப்படிச் சொல்லித்தர முடியும்? பள்ளிக்கூட ஆசிரியர் கையில் ஒரு கையேடு இருக்கிறதே, 'முதலில் இதைச் சொல், பிறகு இதைக் கேள், பிள்ளை இப்படித் தவறினால் இப்படித் திருத்து' என்று சொல்லும் புத்தகம், அது அம்மாவுக்கும் வேண்டுமா? எல்லாப் பாடத்துக்கும் வேண்டுமா, சிலவற்றுக்கு மட்டும் போதுமா?

இது ஏதோ ஹோம்ஸ்கூலிங் என்ற பெயர் வந்த பிறகு முளைத்த கேள்வி என்று நினைத்தால் தவறு. ஆசிரியர் கையேடு என்ற பொருளின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், அது பள்ளிக்கூடத்தைவிட வீட்டையே அதிகம் காட்டுகிறது.

மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் (1592-1670) என்ற பாதிரியார் போரினால் ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தவர். போலந்தின் லெஷ்னோ நகரில் தஞ்சம் புகுந்திருந்தபோது 1633ல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆறு வயது வரைக்குமான குழந்தைக்கு வீடுதான் பள்ளி, தாய்தான் ஆசிரியர். அந்தப் பள்ளியில் என்னென்ன பாடம் என்று சொல்லும் நூல் அது. பாடப்பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வானியல், புவியியல், வரலாறு, ஒளியியல், இயந்திரவியல், பொருளாதாரம்கூட உண்டு! ஆனால் உள்ளே போனால் விஷயம் எளிமையானது. சூரியன் எது, சந்திரன் எது என்று தெரிந்தால் அது வானியல். தான் பிறந்த ஊர், தெரு, வயல் தெரிந்தால் புவியியல். நேற்று என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தால் வரலாறு. எது கனம், எது லேசு என்று கையில் தூக்கிச் சொன்னால் எடையியல். பாடவாரியாகப் பிரித்து, பெற்றோருக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது மிகப் பழையது. அதில் 'இதைச் சொல், பிறகு இதைச் சொல்' என்ற கட்டளைகள் குறைவு. எதைக் கவனிக்கவேண்டும் என்பதுதான் அதிகம்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தவர் பெஸ்டலோஜி. ஸ்விட்சர்லாந்துக்காரர், 1746ல் ஜூரிக்கில் பிறந்தவர். இவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தவர் இவர் ஒருவர்தான்.

பெஸ்டலோஜி இளமையில் ரூசோவின் தீவிர ரசிகர். 1762ல் ரூசோ எழுதிய 'எமில்' நூல், பிள்ளையை இயற்கையின் போக்கில் விடு, புத்தகத்தை அவசரமாகத் திணிக்காதே என்றது. (சொந்தப் பிள்ளைகளை அநாதை விடுதியில் விட்டவர் பிள்ளை வளர்ப்புக்கு வேதம் எழுதினார் என்பது வரலாற்றின் குறும்பு.) பெஸ்டலோஜி தன் மகனுக்கு ரூசோவின் பெயரையே வைத்து, அந்த முறையிலேயே வளர்க்க முயன்றார். 1774ல் அதைப் பற்றி நாட்குறிப்பும் எழுதினார். முடிவு சந்தோஷமாக இல்லை. பையனுக்குப் பதினோரு வயதாகியும் எழுத்தும் படிப்பும் சரியாக வரவில்லை. வீட்டுக்கல்வி வரலாற்றில் 'கையேடே வேண்டாம்' என்ற பரிசோதனைகளில் முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான், அது தோல்வி.

1781ல் அவர் எழுதிய 'லியன்ஹார்ட்டும் கெர்ட்ரூடும்' என்ற நாவல் அவரைப் புகழ்பெற வைத்தது. அதில் வரும் கெர்ட்ரூட் ஒரு குடிகாரக் கொத்தனாரின் மனைவி. நூல் நூற்றுக்கொண்டே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை அடி என்று எண்ணச் சொல்வாள், ஜன்னலில் எத்தனை கண்ணாடி என்று கேட்பாள், நூற்கும்போது இழையை எண்ணவைப்பாள். கெர்ட்ரூடிடம் எந்தக் கையேடும் கிடையாது. வீடே அவள் புத்தகம்.

இருபது வருடம் கழித்து, 1801ல், அதே பாத்திரத்தின் பெயரில் பெஸ்டலோஜி இன்னொரு நூல் எழுதினார்: 'கெர்ட்ரூட் தன் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறாள்'. தலைப்பைப் பார்த்து வாங்கிய தாய்மார்கள் ஏமாந்திருப்பார்கள். உள்ளே கெர்ட்ரூட் ஏறக்குறைய இல்லவே இல்லை! நண்பருக்கு எழுதிய பதினான்கு கடிதங்களாக ஒரு கற்பித்தல் கோட்பாடுதான் இருக்கிறது. எண், வடிவம், சொல் என்ற மூன்றிலிருந்து எல்லாப் பாடங்களையும் படிப்படியாகக் கட்டலாம். அந்தப் படிகளைச் சரியாக அமைத்துவிட்டால் படிக்காத தாய்கூட அதைப் பின்பற்றிக் கற்பிக்க முடியும் என்பது அவர் வாதம். கல்வியை இயந்திரமாக்கப் பார்க்கிறீர்கள் என்று ஓர் அரசு அதிகாரி அவரிடம் சொன்னாராம். பெஸ்டலோஜி கோபப்படவில்லை. சரியான சொல்லைப் பிடித்துவிட்டார் என்று அந்த நூலிலேயே எழுதிவைத்தார்.

1803ல் அந்த இயந்திரமே வெளிவந்தது. 'தாய்மார்களின் புத்தகம்' என்று பெயர். பெரும்பகுதியை எழுதியவர் அவரது உதவியாளர் க்ரூஸி. குழந்தையின் உடம்பிலிருந்து பாடம் தொடங்குகிறது. இது கை, இது விரல், இது விரலின் கணு, கணு எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எதற்கு உதவுகிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். தன் மூக்கு எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாதா என்று ஏளனம் செய்தவர்கள் அன்றே இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியை எண்ணச் சொன்ன கெர்ட்ரூடை உருவாக்கிய அதே மனிதர், அவளை நம்பாமல் கையில் வசனத்தைக் கொடுத்ததுதான் இங்கே வேடிக்கை. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. சொந்த மகனுக்குப் படிப்பு வராமல் போனதைப் பார்த்தவர் அவர். எல்லா அம்மாக்களும் கெர்ட்ரூட் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதே பத்தாண்டுகளில் சென்னையிலும் ஒன்று நடந்தது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பை 1789ல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். படிப்பு வந்த பிள்ளை வராத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் ஏற்படுத்தினார். 1797ல் லண்டனில் இதை நூலாக அச்சிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பயிற்சி இல்லாத ஒரு சிறுவனே கற்பிக்கலாம், பாடம் சிறு சிறு துண்டுகளாக இருந்தால் போதும் என்பது அதன் அடிப்படை. அதாவது பெல்லும் பெஸ்டலோஜியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கற்பிப்பவர் பலவீனமாக இருந்தால் பாடத்தின் வரிசை பலமாக இருக்கவேண்டும்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் முதலில் மாசசூசெட்ஸ் (1852), கடைசியாக மிசிசிப்பி (1918). கையேடுகள் பள்ளிக்கூட ஆசிரியரின் சொத்தாகின. வீட்டில் படித்தவர்கள் இரண்டே வகை. ஒன்று வசதியான வீட்டுப் பிள்ளைகள், இன்னொன்று பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் இருந்த பிள்ளைகள்.

முதல் வகைக்கு இங்கிலாந்தில் சார்லட் மேசன் வந்தார். 1886ல் 'வீட்டுக் கல்வி' என்ற நூலை எழுதி, 1887ல் பெற்றோர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, 1892ல் ஆம்பிள்சைடு என்ற ஊரில் பயிற்சி நிலையம் அமைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் தபாலில் வீடுகளுக்குப் போகும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கங்கள் என்று அதில் இருக்குமே தவிர, ஆசிரியர் என்ன பேசவேண்டும் என்று அதிகம் இருக்காது. நல்ல புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே பெரியவர் புகுந்து பிரசங்கம் செய்யக்கூடாது என்பது மேசனின் பிடிவாதம். ஒருமுறை வாசிக்கவேண்டும், பிள்ளை தன் வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இதைவிடச் சிக்கனமான முறை இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. நம்மூரில் கோனார் உரையை மனப்பாடம் செய்து தமிழ் இலக்கியம் படித்த தலைமுறைக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாம் வகைக்குப் பதில் சொன்னது பால்டிமோர் நகரின் கால்வர்ட் பள்ளி. அதன் தலைமை ஆசிரியர் வெர்ஜில் ஹில்யர். கக்குவான் இருமல் பரவியபோது பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் பாடத்தை எழுதி அனுப்பியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். 1906லிருந்து அதுவே தபால்வழி வீட்டுப்பாடத் திட்டமாகியது. ஒரு பெட்டி வரும். அதில் பாடப்புத்தகங்கள், தாள், பென்சில், எல்லாவற்றுக்கும் மேலே பெற்றோருக்கான கையேடு. இன்றைக்கு எந்தப் பாடம், எப்படி ஆரம்பிப்பது, என்ன கேட்பது என்று நாள்வாரியாக அதில் இருக்கும். மிஷனரிகள், தூதரக அலுவலர்கள், ராணுவக் குடும்பங்கள் என்று உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இந்தப் பெட்டி போனது. பள்ளிக்கூடமும் இல்லை, கேட்க இன்னொரு ஆசிரியரும் இல்லை என்ற இடத்தில் இருந்த ஒரு தாய்க்கு இந்தக் கையேடு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அதே ஹில்யர் 1924ல் குழந்தைகளுக்கான உலக வரலாறு ஒன்றை எழுதினார். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு. அந்தப் புத்தகம் நேராகப் பிள்ளையிடமே பேசுகிறது, திண்ணையில் உட்கார்ந்து தாத்தா கதை சொல்வது மாதிரி. பெற்றோர் வாசித்துக் காட்டினால் போதும். நாள்வாரிக் கையேட்டின் தந்தை என்று சொல்லத்தக்கவரே வரலாறு என்று வந்தபோது பாடத்தையும் ஆசிரியரையும் ஒரே அட்டைக்குள் வைத்துவிட்டார். (1999க்குப் பிறகு சூசன் வைஸ் பாவர் என்பவர் ஏறக்குறைய இதே பாணியில் எழுதிய உலக வரலாற்றுக்குத் தனியாக ஒரு செயல்பாட்டுப் புத்தகமும் வந்தது, கேள்விகள், வரைபடங்கள், கைவேலை எல்லாம் உள்ளே. வேண்டுமென்றால் வாங்கலாம், இல்லாவிட்டாலும் கதை நிற்கிறது.)

ஆஸ்திரேலியாவில் பிரச்சினை இன்னும் பெரிது. பக்கத்து வீடே நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணைகள். 1910களிலேயே அங்கே மாநில அரசுகள் தபால்வழிப் பாடங்களை ஆரம்பித்தன. 1951ல் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் நகரில், பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியைப் பயன்படுத்தி 'வானொலிப் பள்ளி' தொடங்கியது. ஆசிரியரின் குரல் கொஞ்ச நேரம் வரும், போய்விடும். மீதி நாள் முழுக்கப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மாதான். அரசாங்கமே பாடத்தை நடத்தினாலும், வீட்டில் இருப்பவர் கையில் தெளிவான எழுத்துப் பாடம் இல்லாமல் அது நடந்திருக்காது.

இப்போது அறிவியலுக்கு வரலாம். இங்கே கதை வேறு மாதிரி போகிறது. 1890களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் நொடித்து, ஜனங்கள் கிராமத்தைவிட்டு நகரத்துக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்கு மண்ணின்மேல் பிடிப்பு வரவேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகம் கிராமத்து ஆசிரியர்களுக்காக இயற்கைப் பாடத் துண்டு நூல்களை வெளியிட்டது. அதில் முக்கியப் பங்கு ஆனா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக்குக்கு. அவற்றையெல்லாம் திரட்டி 1911ல் 'இயற்கைப் பாடக் கையேடு' என்று தொள்ளாயிரம் பக்கத்துக்கும் அதிகமான புத்தகமாக்கினார். இது விற்காது, நஷ்டம்தான் வரும் என்று கணவரே சொன்னார். கடைசியில் பதிப்பகத்தைத் தாங்கிப் பிடித்தது அந்தப் புத்தகம்தான். பல மொழிகளிலும் வந்தது.

இயற்கையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆசிரியருக்காக எழுதப்பட்ட கையேடு அது. ஒரு தவளையைப் பற்றி ஆசிரியர் முதல்நாள் இரவு வாசித்துக்கொள்ள இரண்டு பக்கம், பிறகு பிள்ளைகளிடம் கேட்கக் கேள்விகள். கேள்விக்கு விடை அதே இடத்தில் இருக்காது. விடை தவளையிடம்தான் இருக்கிறது! தெரியாத கேள்வி வந்தால் 'எனக்குத் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்' என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று ஆசிரியருக்கு அறிவுரை சொன்னது அந்தப் புத்தகம். பள்ளிக்கூட வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல எத்தனை ஆசிரியர்களுக்குத் துணிவு இருந்திருக்கும்? வீட்டில் ஒரு தாய் சொல்லலாம். பள்ளிகளுக்காக எழுதிய இந்தப் புத்தகத்தைப் பல பத்தாண்டுகள் கழித்து வீட்டுக்கல்விப் பெற்றோர் தேடிப்பிடித்துத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

1955ல் ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 'ஜானிக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை' என்று ஒரு புத்தகம் போட்டார். சொல்லை முழுதாகப் பார்த்து மனதில் பதியவைக்கும் முறை தவறு, எழுத்துக்கு ஓசை சொல்லித்தர வேண்டும் என்ற சண்டைக்கான புத்தகம். அதை ஆசிரியர்களுக்கு எழுதாமல் பெற்றோருக்கு எழுதினார், பின்பகுதியில் வீட்டிலேயே சொல்லித்தரச் சொற்பட்டியல்களையும் சேர்த்தார். பள்ளிக்கூடம் தவறினால் பெற்றோர் கையில் கையேட்டைக் கொடு என்ற எண்ணம் அங்கே வெளிப்படையாகவே வந்துவிட்டது.

இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஸிக்ஃப்ரிட் எங்கெல்மன். விளம்பரத் துறையிலிருந்து கல்விக்கு வந்தவர். 1960களில் ஏழைக் குழந்தைகளுக்காக வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்த பாடங்களை உருவாக்கினார். 1968ல் அமெரிக்க அரசு தொடங்கிய 'ஃபாலோ த்ரூ' என்ற பெரிய ஒப்பீட்டில் அவருடைய முறைதான் அடிப்படைத் திறன்களில் முன்னால் நின்றது. அந்த ஒப்பீட்டின்மேல் சர்ச்சைகளும் எழுந்தன. 1983ல் அவரும் இரண்டு சகாக்களும் அதே முறையைப் பெற்றோருக்காக நூறு பாடங்களில் சுருக்கி வெளியிட்டார்கள். பெற்றோர் சொல்லவேண்டிய வசனம் சிவப்பு மையில் அச்சாகியிருக்கும். எழுத்துக்குக் கீழே விரலை எங்கே வைப்பது, எப்போது நகர்த்துவது என்பதுவரை குறிப்பு உண்டு. பெஸ்டலோஜி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கெர்ட்ரூட் என்ன சொல்லியிருப்பாள் என்பது தெரியாது.

நாடகம் மாதிரி வசனம் பேசுவது தாய்க்கு அவமானம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாசிப்பின் ஆரம்பக் கட்டத்தில் ஒரு விசேஷமான சிக்கல் இருக்கிறது. பெரியவருக்கு வாசிப்பு தானாக வருகிறது. எப்படி வருகிறது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஆங்கிலம் போல எழுத்து ஒன்றும் ஓசை பலவுமான மொழியில், எந்த ஓசையை முதலில் சொல்லித்தருவது, எதைத் தள்ளிவைப்பது என்பது நல்ல வாசகருக்குக்கூட இயல்பாகத் தெரியாது. அந்த வரிசையை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கவேண்டும். இரண்டு வருட வேலை அது, பிறகு கையேட்டை அலமாரியில் வைத்துவிடலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் ஜான் ஹோல்ட். பாஸ்டன் பக்கம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். 'குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்' (1964) என்ற நூலில், பிள்ளைகள் பாடத்தைக் கற்காமல் ஆசிரியரைத் திருப்திப்படுத்தும் விடையைத்தான் கற்கிறார்கள் என்று வகுப்பறையிலிருந்து காட்டினார். பள்ளியைத் திருத்தமுடியாது என்று நம்பிக்கை இழந்தபின் 1977ல் வீட்டில் கற்பவர்களுக்கான செய்தி மடலைத் தொடங்கினார்; 1981ல் 'உங்கள் பிள்ளைக்கு நீங்களே கற்பியுங்கள்' என்ற நூல் வந்தது. தலைப்பில் கற்பியுங்கள் என்று இருந்தாலும் உள்ளே சொன்னது, வீட்டைச் சின்னப் பள்ளிக்கூடமாக்காதீர்கள் என்பதுதான். அவர் பார்வையில் ஆசிரியர் கையேடு பள்ளிக்கூடத்தின் வியாதியை வீட்டுக்குக் கொண்டுவரும் பொருள். நாற்பது வயதுக்கு மேல் செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்ட மனிதர், ஆர்வத்தின் வலிமையை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் செல்லோவுக்கு அவரும் ஆசிரியரிடம் போனார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1980களில் வீட்டுக்கல்வி பெருகியபோது ஆரம்பத்தில் சில பதிப்பகங்கள் ஆசிரியர் பதிப்பைப் பெற்றோருக்கு விற்கத் தயங்கின. விடைகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன! பிறகு சந்தையைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. ஆனால் வாங்கிய பெற்றோருக்கு இன்னொரு தலைவலி. பள்ளிக்காக எழுதிய கையேட்டில் பாதி, வகுப்பைக் குழுக்களாகப் பிரி, கரும்பலகையில் எழுது, முன்வரிசைப் பிள்ளையைக் கூப்பிடு என்று போகும். ஒரே ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் குழு எங்கிருந்து வரும்? ஐந்து பாடத்துக்கு ஐந்து கையேடு வாங்கி, தினமும் காலையில் ஐந்தையும் வாசித்துவிட்டுப் பாடம் நடத்தினால் சமையல் யார் செய்வது? சலித்துப் போனவர்கள் நிறையப் பேர்.

கணக்கு மட்டும் இதில் தனிக்கதை. 1957ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிப்போன அமெரிக்கா 1958லிருந்து 'புதுக் கணக்கு' என்று கணம், வேறு அடிமானம் எல்லாவற்றையும் சின்ன வகுப்புக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து விழித்தார்கள். பள்ளிகளில் பெற்றோருக்கு மாலை வகுப்பு வைத்தார்கள், விளக்க நூல்கள் அச்சிட்டார்கள். இன்னும் மோசம், ஆசிரியர்களில் பலருக்கே அது சரியாகப் புரியவில்லை. 1973ல் மாரிஸ் க்ளைன் என்ற கணித அறிஞர் 'ஜானிக்கு ஏன் கூட்டத் தெரியவில்லை' என்று நூல் எழுதும் அளவுக்குப் போனது.

ஆசிரியருக்கே புரியவில்லை என்பதை 1999ல் லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் தொடக்கநிலைக் கணக்குகளைக் கேட்டார். அதில் ஒன்று, ஒன்றேமுக்காலை அரையால் வகுப்பது. நம் பாட்டிகள் இதைக் கணக்கு என்றே நினைக்கமாட்டார்கள். ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் மூன்றரை தடவை வரும். போட்டுப் பார்த்த 21 அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேருக்குத்தான் சரியான விடை வந்தது. சீனர்கள் 72 பேருக்கும் வந்தது. அதற்கு ஒரு கதைக்கணக்குச் சொல்லுங்கள் என்றதும் அமெரிக்கர்களில் ஒருவர்தான் தேறினார். பலர் அரையால் வகுப்பதையும் பாதியாக்குவதையும் குழப்பிக்கொண்டார்கள். சீனர்களில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள்.

இதில் திடுக்கிட வைப்பது அடுத்த தகவல். அந்த அமெரிக்க ஆசிரியர்கள் எல்லாம் பட்டதாரிகள், சான்றிதழ் பெற்றவர்கள். சீன ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். அப்படியென்றால் எங்கிருந்து வந்தது அந்தத் தெளிவு? பாடநூலையும் ஆசிரியர் கையேட்டையும் வருடக்கணக்காக, வரி வரியாக, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசுவதை அவர்கள் தங்கள் வேலையின் பாதியாகவே வைத்திருந்தார்கள். இந்த எடுத்துக்காட்டு இந்தக் காரணத்தில், இந்த எண் ஏன் முதலில் என்று பேசிக்கொண்டார்கள். கையேட்டை வசனப் புத்தகமாகப் பார்க்காமல், தான் முதலில் படிக்கவேண்டிய பாடப்புத்தகமாகப் பார்த்தார்கள்.

மிச்சிகன் நீதிமன்றத்தில் எட்டு வருடம் சண்டை போட்டது சான்றிதழுக்காக என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கல்விப் பெற்றோர் இதைத் தங்கள் வழியில் கண்டுகொண்டார்கள். சிங்கப்பூர் அரசு 1982ல் தொடங்கிய தொடக்கக் கணிதப் பாடநூல்கள் 1990களின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. மெல்லிய, படங்கள் நிறைந்த புத்தகங்கள், வார்த்தை குறைவு. முதலில் பொருள், பிறகு படம், பிறகுதான் எண் என்ற வரிசை படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பாடநூலை மட்டும் வாங்கிய பெற்றோர், பிள்ளை சுலபமாகப் போட்டுவிட்டது என்று இரண்டு வருடம் ஓட்டினார்கள். பெரிய வகுப்பில் செவ்வகக் கட்டங்கள் வரைந்து கணக்குப் போடும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள், அம்மாவுக்கு அல்ஜீப்ராதான் தெரியும், கட்டம் தெரியாது. பள்ளிக்கான கையேடு இவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதால் வீட்டில் கற்பிப்பவருக்கென்றே தனி வழிகாட்டிகள் எழுதப்பட்டன.

ஜான் சாக்ஸன் வேறு வழியில் போனார். அமெரிக்க விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று ஒக்லஹோமாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1981ல் சொந்தமாக அல்ஜீப்ரா புத்தகம் அச்சிட்டார். சின்னச் சின்ன அடியாகப் பாடம், பழைய கணக்குகள் தினமும் கலந்து பயிற்சி. புத்தகம் மாணவனிடமே பேசுவதால் வீட்டுக்கல்வியாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். சாக்ஸன் வரிசையில் சின்ன வகுப்புகளுக்கான பாடங்கள் முழுக்க ஆசிரியர் வசனமாக இருக்கும். பெரிய வகுப்புக்குப் போனால் வசனம் மறைந்து, செய்துகாட்டிய விடைகளின் புத்தகம் மட்டும் மிஞ்சும். ஒரே பாடம், ஒரே பதிப்பகம், ஆனால் பிள்ளையின் வயதோடு பெற்றோருக்குத் தேவைப்படும் புத்தகமும் மாறிவிடுகிறது. விடை மட்டும் அச்சிட்ட பட்டியல் போதாது, வழியும் வேண்டும் என்பது பதினான்கு வயதுப் பிள்ளையோடு இரவு பத்து மணிக்கு ஒரு சமன்பாட்டில் மாட்டிக்கொண்ட எந்தத் தகப்பனுக்கும் தெரியும்.

ஆக, வரலாறு ஒரே பதில் தரவில்லை. வாசிப்பின் முதல் இரண்டு வருடத்துக்கும், சிறுவயதுக் கணக்குக்கும் கையேட்டைத் தூக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் அவதிப்பட்டார்கள், பெஸ்டலோஜியில் தொடங்கி. வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் கையேடு வாங்கியவர்கள் பெரும்பாலும் பணத்தை வீணாக்கினார்கள். அறிவியலில் காம்ஸ்டாக் மாதிரி ஒருவர் எழுதியிருந்தால் கையேடு கேள்வியைத் தரும், இல்லாவிட்டால் விடையைத்தான் தரும்.

மிச்சிகனில் தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தையும் மாற்றினார்கள். 1996 முதல் அங்கே பெற்றோர் சான்றிதழ் காட்டவேண்டாம், மத நம்பிக்கையைக் காரணம் காட்டவும் வேண்டாம். ஒழுங்கான ஒரு பாடத்திட்டம் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி, சட்டம் ஒன்பது பாடங்களை வரிசையாக அடுக்குகிறது: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணிதம், அறிவியல், வரலாறு, குடிமையியல், இலக்கியம், எழுதுதல், ஆங்கில இலக்கணம். எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்பதைப் பெற்றோரிடமே விட்டுவிட்டது.